கடல் எங்கே சார்? கைபேசிக் காலத்தில் சமய மரபைக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தேவாரம் பாடிய அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள், அந்தக் கல்லே மிதந்து அவரைக் கரைசேர்த்தது என்பது சைவ மரபு. கடலூர் வண்டிப்பாளையத்தை அடுத்த கரையேறவிட்டகுப்பத்தில் அந்த அப்பர் கரையேறிய விழா சித்திரையில் நடக்கும். ஒரு முறை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரை அந்த விழாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கடல் எங்கே சார்?" என்று கேட்டான். முந்தைய நாள் இரவு அவன் கைபேசியில் பார்த்திருந்த இரண்டு நிமிடக் காணொளியில் பனைமர உயரத்துக்கு அலை எழுந்தது, மின்னல் வெட்டியது, மல்யுத்த வீரரின் தோள்களோடு ஓர் இளைஞர் கல்லின்மேல் நின்று வந்தார். இங்கே வீடுகள் இருந்தன, மரங்கள் இருந்தன, பந்தல் இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. "அந்தக் காலத்தில் இருந்தது" என்று சொல்லி அன்று மழுப்பிவிட்டேன். சமய வகுப்பு ஒன்றைத் தொடங்குவதற்கு அதைவிடச் சிறந்த கேள்வி கிடைக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

கோயில் மண்டபத்தில் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்கள், கிறித்தவப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி நடத்துபவர்கள், குர்ஆன் பள்ளியான மக்தபில் ஓதக் கற்பிப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஆயாக்கள் ஆகிய எல்லோரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் சைவத் திருமுறை வகுப்பு நடத்துபவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். முறை எல்லோருக்கும் பொதுவானது. காணொளியோடு போட்டி போட்டு நம்மால் வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை. ஒரு கதை எந்த வாய் வழியாக, எந்த ஏட்டின் வழியாக, எந்தக் கருவியின் வழியாகத் தன் கைக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பிள்ளை தானே தேடிக் காணும்படி செய்வதுதான் இன்றைக்குச் சமயக் கல்வியின் முதல் வேலை என்று உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வேலைக்கானவை.

தொடங்குவதற்கு முன்: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

நம்பிக்கையில் ஒரு பிள்ளையை வளர்ப்பது ஒன்று. ஒரு சமயத்தைப் பற்றிய அறிவைக் கொடுப்பது வேறொன்று. கோயிலிலும் பங்கிலும் மக்தபிலும் முதலாவதை முழு உரிமையோடு செய்யலாம். பள்ளியில் நிலைமை வேறு. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு இல்லாமல் எந்தச் சிறுவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. சமயங்களைப் பற்றிக் கல்வி நோக்கில் கற்பிப்பதற்கு இது தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே பள்ளி ஆசிரியர் "சைவர்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்று சொல்லலாம். "நாம் இவ்வாறு நம்ப வேண்டும்" என்று சொல்லலாகாது. இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடமும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது பின்னால் வரும் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

முதல் படி: பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்தவற்றைக் கேட்டு எழுதுங்கள்

முதல் இரண்டு வாரம் எதையும் கற்பிக்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, என்ன கதை, எங்கே பார்த்தாய், யார் சொன்னார்கள், எந்த இடம் பிடித்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் சொல்வதை அப்படியே எழுதுங்கள். என் நோட்டில் கர்ணனுக்குத் தொலைக்காட்சித் தொடர் நடிகரின் முகம் இருந்தது. முருகனுக்கு நாட்காட்டிப் படத்தின் முகம். வேளாங்கண்ணி மாதாவை ஒரு பிள்ளை பேருந்தில் ஒலித்த பாட்டின் வழியாக அறிந்திருந்தாள். நோன்புக் கஞ்சியைச் சமையல் காணொளியில் பார்த்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர்கூடப் பள்ளிவாசலில் அதை வாங்கிக் குடித்ததில்லை.

இந்த இரண்டு வாரமும் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: சிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. "அதெல்லாம் பொய்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை பிறகு உங்களிடம் எதையும் காட்டாது. நம் தலைமுறை மட்டும் ஏட்டிலிருந்து நேரே கற்றுக்கொண்டு வந்துவிடவில்லை. 1987 சனவரி முதல் 1988 சூலை வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் இராமாயணத் தொடர் ஓடியபோது, இந்தி தெரியாத வீடுகளிலும் பாய் விரித்து அமர்ந்து பார்த்தோம். இராமரின் முகம் என்றதும் அந்த நடிகரின் முகம் இன்றும் பலருக்கு நினைவில் வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கதையின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் நான் நான்கு ஞாயிறுகள் ஒதுக்குகிறேன், ஏனெனில் மற்ற படிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. வகுப்பறையில் கொடிக்கயிறு ஒன்றைக் கட்டி, வாரம் ஒன்றாக நான்கு பெரிய தாள்களைத் தொங்கவிடுகிறேன். எடுத்துக்கொள்ளும் கதை, அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் விட்ட கதை.

முதல் தாளில் அப்பரின் பாட்டு மட்டுமே இருக்கும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நமச்சிவாயப் பதிகத்தின் முதற்பாட்டில் "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே" என்று வருகிறது. "பாய்ச்சினும்" என்ற ஒரு சொல்லைப் பலகையில் தனியாக எழுதி, அதற்குப் பொருள் கேட்கிறேன். பாய்ச்சினார்கள் என்று அப்பர் சொல்லவில்லை, பாய்ச்சினாலும் என்கிறார். அந்த 'உம்' என்னும் இடைச்சொல்லில் நடந்து முடிந்த நிகழ்ச்சியும் இருக்கலாம், எது வந்தாலும் அசையேன் என்ற உறுதியும் இருக்கலாம். பதிகத்தின் மற்றப் பாட்டுகளில் கடலில் விழுந்த கதை இல்லை. வீட்டு விளக்கு இருளைக் கெடுப்பதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போவது அதுதான்.

இரண்டாம் தாள் சேக்கிழாருடையது. பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல், அதாவது அப்பருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது. பல்லவ மன்னன், நீற்றறை (சுண்ணாம்புக் காளவாய்), நஞ்சு, யானை, கடைசியில் கல் என்று கதை வரிசையாக வருவது இந்த நூலில்தான். ஐந்நூறு ஆண்டு என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரியாது. ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று வைத்து, ஆயாவின் ஆயாவின் ஆயா என்று இருபது பேரை விரல்விட்டு எண்ணச் செய்தால் புரியும்.

மூன்றாம் தாள் ஊரினுடையது. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர், சித்திரை விழா, கரையேறியதும் அப்பர் பாடியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகம், அதில் வரும் "தோன்றாத் துணை" என்ற தொடர், அந்த ஊர்ச் சிவனான பாடலீசுவரருக்கு அதனால் அமைந்த தோன்றாத்துணைநாதர் என்னும் பெயர் ஆகியவை இதில் அடங்கும். "கடல் எங்கே?" என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடமும் இந்தத் தாள்தான். கெடிலம் தடம் மாறிய ஆறு என்று தலபுராணமும் தன் வழியில் சொல்கிறது. முகத்துவாரங்கள் இடம் பெயர்வதும், மணல் மேடிட்டுக் கடற்கரை விலகுவதும் இந்தக் கரையோரத்தில் புதியவை அல்ல. நேரமிருந்தால் கெடிலத்தின் கரையோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பிறகு தேவனாம்பட்டினத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறு எங்கே இருக்கிறது, கடல் எங்கே இருக்கிறது என்பதைக் காலால் அறிந்த பிள்ளைக்கு அந்தப் பதிகம் வேறு மாதிரிக் கேட்கும்.

நான்காம் தாளில் படங்கள். கோயில்களில் அப்பரின் திருமேனி மழித்த தலையோடும் கையில் உழவாரப்படையோடும் இருக்கிறது. 1967இல் வந்த திருவருட்செல்வர் படத்தில் சிவாஜி கணேசன் தள்ளாத முதியவராக அப்பரை நடித்துக் காட்டினார். அப்பர் எண்பத்தொரு ஆண்டு வாழ்ந்தார் என்ற மரபோடு அது பொருந்துகிறது. கைபேசிக் காணொளியிலோ தோள் புடைத்த இளைஞர். "ஒவ்வொருவரும் ஏன் இப்படிக் காட்டினார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "உழவாரம் புல் செதுக்குகிற கருவி சார், காணொளி செய்தவருக்கு அது சாகசமாகத் தெரிந்திருக்காது" என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

நான்கு தாள்களும் தொங்கிய பிறகு, மின்னல் எந்தத் தாளில் இருக்கிறது, வில்லன் சிரிப்பு எந்தத் தாளில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். இதே முறையைத் தருமியின் கதைக்கும் வைக்கலாம். 1965ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியாகவே பிள்ளைகள் தருமியை அறிவார்கள்; அந்தக் காட்சியை ஒதுக்கித் தள்ளாமல் அதையே வாசலாக்கி, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக்கும், அங்கிருந்து குறுந்தொகையின் இரண்டாம் பாட்டுக்கும் அழைத்துப் போகலாம். மறைக்கல்வி ஆசிரியர்கள் கிறிஸ்துமஸ் குடிலை எடுத்துக்கொள்ளட்டும். மாடும் கழுதையும் மத்தேயுவிலும் லூக்காவிலும் பிறப்புக் கதையில் இல்லை, ஞானிகள் மூவர் என்ற எண்ணும் மத்தேயுவில் இல்லை என்பதைப் பிள்ளைகளே விவிலியத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கும்போது, குடில் குறைந்துபோவதில்லை. அதைக் கட்டிய தலைமுறைகளும் குடிலுக்குள் வந்து நிற்கின்றன. இஸ்லாமிய மரபிலோ இந்த முறை ஒரு தனிக் கல்வியாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை, யார் யாரிடம் கேட்டு, அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரோடு சொல்வது அங்கே பழக்கம். வந்த செய்தியை ஆராயாமல் அனுப்பும் இந்தக் காலத்துக்கு அந்த ஒழுக்கம் மிகவும் தேவைப்படுகிறது. மக்தப் ஆசிரியர்கள் அதைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாம் படி: ஊடகமும் மரபின் ஒரு பகுதிதான் என்று காட்டுங்கள்

அடுக்குகளைப் பிரிக்கக் கற்ற பிள்ளை அடுத்ததாக, பழையது தூய்மையானது, புதியது கெட்டுப்போனது என்று முடிவுகட்டிவிடும். பெரியவர்கள் பலர் நிற்பதும் இந்த இடத்தில்தான். அந்த எண்ணத்தை அசைப்பதற்குத் தெருக்கூத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும், கடைசியில் படுகளமும் தீமிதியும். படுகளத்தன்று மண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனன் உருவம் ஓர் ஆளைப்போல் பல மடங்கு நீளம் இருக்கும். அதன் கால்மாட்டில் நின்றால் தலை எங்கே என்று தேட வேண்டும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய அணிகளைக் கட்டிக்கொண்டு கூத்தர் களமிறங்கும்போது பக்கத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நிற்பார். ஊர்ச் செய்தி, விலைவாசி, அன்றைய அரசியல் எல்லாம் அவர் வாயில் வரும். பாரதத்துக்குள் நிகழ்காலம் நுழைவதற்கென்று மரபே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அங்கே நேராகப் பார்ப்பார்கள்.

மேடை நாடகத்தின் வழியாகப் புராணக் கதைகளைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்ற சங்கரதாசு சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. அச்சு வந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. வள்ளலாரின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் நூலாக வெளிவந்ததும், அவை அருட்பாவா (அருளால் பிறந்த பாட்டா) மருட்பாவா (மயக்கத்தில் பிறந்த பாட்டா) என்று இரு தரப்பும் கண்டன நூல்களையும் துண்டறிக்கைகளையும் அச்சிட்டுத் தள்ளினார்கள். வழக்கு 1869இல் நம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வந்தது. புதிய கருவி கைக்கு வந்ததும் சமயச் சண்டை சூடேறுவது இன்றைக்கு மட்டும் நடப்பதன்று என்பதைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களோடு தாராளமாகப் பேசலாம்.

நாட்காட்டிப் படங்களுக்கு ஒரு வகுப்புப் போதும். இரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி அச்சிட்ட படங்களிலிருந்து, கோவில்பட்டி கொண்டையராஜுவின் ஓவியங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் வந்தது வரை சொல்லிவிட்டு, வீட்டுப் பூசையறைப் படங்களை வரைந்தவர் பெயர் படத்தின் ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். பாட்டுக்கும் அவ்வாறே. ஆடி மாதம் ஒலிபெருக்கியில் கேட்கும் மாரியம்மன் பாடல்களைப் பாடிய எல்.ஆர். ஈசுவரி கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர், நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலை எல்லாச் சமயத்தாரும் கேட்டு வளர்ந்தார்கள். பிள்ளைகள் இதை அறியும்போது முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்

ஆண்டுக்கு இரண்டு பயணம் போதும். நன்றாகத் திட்டமிட்டுச் செல்ல வேண்டும். போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளட்டும். சென்றதும் முதல் அரை மணி நேரம் எல்லோருடைய கைபேசியும் பைக்குள் இருக்கட்டும். அங்கே அன்றாடம் வேலை செய்யும் ஒருவரிடம், மடைப்பள்ளியில் சமைப்பவரோ பூக்கட்டுபவரோ மணியடிப்பவரோ யாராயினும், பிள்ளைகள் கேட்டுப் பேசட்டும். படம் எடுப்பது அதற்குப் பிறகு, அனுமதியுள்ள இடத்தில் மட்டும்.

வடலூருக்குக் கட்டாயம் செல்லுங்கள். 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. தைப்பூசக் கூட்டத்தில் சிறு பிள்ளைகளை அழைத்துப் போவதைவிட, சாதாரண நாளொன்றில் சென்று, இலை போடவும் தண்ணீர் ஊற்றவும் அவர்களை நிறுத்துவது நல்லது. பசிப்பிணி என்ற சொல்லை வகுப்பில் விளக்கியபோது தலையாட்டிய பிள்ளைகள், முதியவர் ஒருவர் இரண்டாம் முறை சோறு கேட்டு இலையை நகர்த்தியபோதுதான் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டார்கள். ஞானசபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் இருப்பது சோதி. உருவச் சிலை அங்கே இல்லை. வள்ளலாரின் உருவம் ஒளிப்படத்தில் பதியவில்லை என்று அன்பர்கள் சொல்லிவருகிறார்கள். எதையும் படமாகப் பார்த்தே பழகிய பிள்ளைக்கு, படமாகப் பிடிபடாத ஒருவரைப் பற்றிய இந்த மரபைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பு சிறிது நேரம் அமைதியாகிவிடும்.

மற்றொரு பயணம் வில்லியனூருக்கு. திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் பிடித்திழுத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அதே ஊரில் 1877இல் உருவான லூர்து அன்னை திருத்தலம், கோயில்களில் காண்பதைப் போன்ற குளத்தோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, குளம் எதற்காக என்று இரு இடத்திலும் கேட்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வாயால் கற்பிப்பதை விடாதீர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் செய்ய வேண்டியது எளிது. வாரத்துக்கு ஒரு பாட்டை மட்டும், ஓதுவார் ஒருவர் நேரில் பாட, பிள்ளைகள் திரும்பப் பாடி மனப்பாடம் செய்யட்டும். நமச்சிவாயப் பதிகத்தின் முதற்பாட்டான "சொற்றுணை வேதியன்" காந்தார பஞ்சமப் பண்; பண்ணின் பெயரைப் பிறகு சொல்லலாம், காது முதலில் பழகட்டும். பதிவைப் போட்டுக் கற்பித்தால் பிள்ளைகள் பாடகரின் குரலைப் போலிசெய்கிறார்கள். எதிரில் ஒருவர் மூச்செடுத்துப் பாடும்போது எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். குர்ஆன் ஓதக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படிக்கும் பெரியவர்களுக்கும் இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: காயங்களை மறைக்காமல் கற்பியுங்கள்

சமணர் தூண்டியதால்தான் மன்னன் அப்பரைத் துன்புறுத்தினான் என்று பெரியபுராணம் சொல்வதால், அப்பர் கதையைச் சொன்னால் சமணரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. காணொளிகளில் அவர்கள் கரிய நிழலும் அச்சமூட்டும் இசையுமாக வருகிறார்கள். என் வகுப்பில் ஒரு பருவம் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, பக்கத்து வீட்டுத் தோழியோடு வந்து அமர்ந்திருந்தாள். அவள் எதிரில் இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்து முடித்தபோது, அவள் இல்லாத நாளிலும் அவ்வாறுதான் சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

முதலில், சமணம் இந்த மண்ணுக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்லுங்கள். பாடலிகை என்று வழங்கிய இந்தத் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி ஒன்று சிறந்திருந்தது. சர்வநந்தி என்ற முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைச் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், இங்கேதான் முடித்தார். அப்பரே தருமசேனர் என்ற பெயரோடு சமணராக இருந்தவர். அவர் பெற்ற கல்வியில் அந்தப் பள்ளிக்கும் பங்கு உண்டு. பிறகு, பெரியபுராணம் சொல்வதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மன்னன் சைவனான பின் பாடலிபுத்திரத்துச் (இதே திருப்பாதிரிப்புலியூரின்) சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றின் பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சரம் என்னும் சிவன் கோயிலை எடுத்தான் என்று சேக்கிழாரே பாடியிருக்கிறார். துன்புற்ற கதையும் துன்புறுத்திய கதையும் ஒரே நூலில் இருக்கின்றன. சமணர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள் என்பதையும், திருநறுங்கொண்டையிலும் மேல்சித்தாமூரிலும் அவர்கள் வழிபாடு நடக்கிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம்.

புதுச்சேரியில் 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் இதே வகையைச் சேர்ந்தது. இதைப் பற்றிய செய்திகள் கைபேசியில் கோபமூட்டும் வடிவில் சுற்றுவதால், பிள்ளைகள் அதை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களில் கண்டதையும் கேட்டதையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை எடுத்து மெல்லப் படியுங்கள். செயலைச் செய்தவரைப் பதவியாலும் பெயராலும் சொல்லுங்கள்: மன்னன், ஆளுநர், இன்ன பாதிரியார் என்று. "அவர்கள்" என்று ஒரு சமூகத்தையே சுட்டும் சொல் உங்கள் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். காயத்தைப் பற்றிப் பேசிய வகுப்பை மணி அடித்ததும் முடித்துவிடாமல், பத்து நிமிடம் கூடுதலாக வைத்து, பிள்ளைகள் மனத்தில் என்ன நிற்கிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஏழாம் படி: வந்த செய்தியைச் சோதிக்கப் பழக்குங்கள்

பழஞ்சிற்பம் என்று வாட்ஸ்அப்பில் வந்த அப்பர் படம் ஒன்றை, அழகாக இருக்கிறதே என்று வகுப்பில் காட்டினேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, வலக்கையில் ஆறு விரல் இருக்கிறது" என்றாள். ஏஐ வரைந்த படம். தவறு என்னுடையது என்று அங்கேயே ஒப்புக்கொண்டு, இனி எந்தப் படத்தையும் வகுப்புக்குக் கொண்டுவருவதற்கு முன் அவளிடம் காட்டுவதாகச் சொன்னேன். இன்றுவரை அப்படியே செய்கிறேன்.

சோதிக்கும் முறை நீளமானதன்று. படமானால் எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தைக் கொண்டு இணையத்தில் தேட வேண்டும். பாட்டானால் எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று கேட்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வரியைத் தேடி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். மூத்த மாணவர்களுக்கு, நம் பக்கத்தில் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவச் சுவடிகளைக் காத்துவருவதையும், புதுச்சேரிச் சைவச் சுவடித் தொகுதிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றதையும் சொல்லுங்கள். "ஓலையில் இருக்கிறது" என்று எவரும் சொல்லிவிடலாம். எந்த ஓலை, எங்கே இருக்கிறது என்று கேட்கப் பிள்ளை பழக வேண்டும். குலைநடுங்கச் செய்யும் செய்தியும், உடனே பத்துப் பேருக்கு அனுப்பு என்று மிரட்டும் செய்தியும் வந்தால் ஓர் இரவு காத்திருப்பது என்ற விதியை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: பிள்ளைகளே பதிவு செய்யட்டும்

காணொளி பார்ப்பவரை அதை ஆக்குபவராக மாற்றினால் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் மூன்று நிமிடக் கதை ஒன்றைக் கேட்டு, குரலை மட்டும் பதிவு செய்து வரட்டும். முகம் வேண்டாம், முகம் காட்டினால் பேசுபவர்கள் சேலையைச் சரிசெய்வதிலேயே கவனமாக இருக்கிறார்கள். அவர் இசைவு இல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது, பின்னணி இசை சேர்க்கக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒருவன் மாசிமகத்தைப் பற்றித் தன் ஆயாவிடம் பதிவு செய்து வந்தான். சாமிகள் கடலாட வரும் நாளில் படகுகளை எங்கே ஒதுக்கி வைப்பார்கள், எந்தத் தெருவில் மோர் கொடுப்பார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார்; நடுவில் ஆடு கத்துகிறது, அவர் அதை விரட்டிவிட்டுத் தொடர்கிறார். வகுப்பில் அதை மூன்று முறை போடச் சொன்னார்கள்.

நம்பவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம்

பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பிள்ளையாவது எழுந்து, "கல் மிதக்காது சார்" என்று சொல்லும். சொல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். அவனைக் கண்டிக்கவும் வேண்டாம், மிதக்கும் என்று அறிவியல் பேசி மெய்ப்பிக்க முயலவும் வேண்டாம். கேள்வி கேட்பதும் இந்த மண்ணின் மரபுதான்: சாத்திரக் குப்பை என்று வள்ளலார் பாடினார், சித்தர்கள் கல்லைச் சுற்றுவதைப் பழித்தார்கள், பாரதிதாசன் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து பகுத்தறிவு பாடினார். இவர்களையும் அவனுக்குப் படிக்கக் கொடுங்கள். அவன் வகுப்பைவிட்டுப் போக வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

என்னிடம் அவ்வாறு சொன்னவனுக்கு முதல் தாளை எடுத்துக் கொடுத்து, அடுத்த ஞாயிறு சிறு பிள்ளைகளுக்கு "பாய்ச்சினும்" என்ற சொல்லை நீதான் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வந்தான். பலகையில் அந்தச் சொல்லை எழுதி, 'உம்'மின் கீழே கோடு போட்டு, "கல் மிதந்ததா என்று எனக்குத் தெரியாது, இந்த உம் எழுதியவர் பயப்படவில்லை என்பது மட்டும் தெரிகிறது" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் அமர்ந்தான்.